கை சும்மா இருக்கணும்

குமரவேல் பிடரியைச் சொறிந்தான். எதிர் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் சட்டென்று அதைக் குறித்துக்கொண்டாள்.

கையை இறக்கினான். மறுபடி அரித்தது, மறுபடி சொறிந்தான். அவளும் மறுபடி குறித்தாள். காலையிலிருந்தே கடுப்பில் இருந்தவனுக்கு இது போதாதா?

"என்னாங்க, மனுசன் சொறியறதையெல்லாம் உக்காந்து எழுதிகினு இருக்கீங்க?"

"ஐயையோ, உங்களை இல்லைங்க! உங்க பின்னாடி பாருங்க."

திரும்பினான். பூங்கா மதில்மேல் ஒரு நோஞ்சான் குரங்கு பிடரியை வறட் வறட்டென்று சொறிந்துகொண்டிருந்தது.

அவள் பெயர் ரெஜினா. நெய்வேலி டவுன்ஷிப் குரங்குகளுக்குள் எது பெரிய தலை, எது சின்னத் தலை என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். இதற்கெல்லாம் ஒரு படிப்பு!

"அந்தக் கடுவன் இருக்கு பாருங்க, அதுதான் தலைவன். அது கிட்ட வந்தாலே சின்னதுங்களுக்கு உள்ளுக்குள்ள உதறல். அரிக்கவே அரிக்காது, ஆனா சொறியும்."

"தலைவன் சொறியாதுங்களா?"

"அது எதுக்குச் சொறியப் போகுது? யாரைப் பாத்து அதுக்குப் பயம்?"

குமரவேலுக்குச் சுருக்கென்றது. நிலக்கரி போகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளிக் கொட்டும் தினக்கூலி அவன். கான்ட்ராக்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கு இரண்டு முறை இன்டர்வியூவுக்குப் போனான். இரண்டு முறையும் மேனேஜர் எதிரில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான், வேலை கிடைக்கவில்லை. பெல்ட்டைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. அப்படியானால் காரியத்தைக் கெடுத்தது இந்தப் பாழாய்ப்போன கைதான்!

வெள்ளிக்கிழமை மூன்றாவது இன்டர்வியூ. இதையும் விட்டால் ஆயுசுக்கும் மண்வெட்டிதான்.

அதற்குள் மதில்மேல் ஒரே களேபரம். யாரோ வீசிய பலாச்சுளைகளை நோக்கிக் கடுவன் வந்தது. நோஞ்சான் சொறிந்துகொண்டே ஒதுங்கி, ஒரு சுளையை நிம்மதியாகத் தின்றது. ஒதுங்காமல் கடுவனை நேருக்கு நேர் பார்த்த ஓர் இளவட்டத்துக்குக் காதில் கடி விழுந்தது. குமரவேல் நோஞ்சானைப் பார்த்து ஏளனமாகச் சிரித்துவிட்டு சைக்கிளை எடுத்தான்.

வீட்டுக்குப் போனதும் மனைவி அம்சவல்லியை நாற்காலியில் உட்கார வைத்தான்.

"நீதான் மேனேஜரு. கேள்வி கேளு. என் கை சும்மா இருக்கணும், அதான் கணக்கு."

சீரியல் பார்க்கிற நேரத்தில் இதென்ன கூத்து என்று முணுமுணுத்தவள், தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "ஏம்ப்பா, பெல்ட்டு அறுந்துபோனா என்னா பண்ணுவ?"

கை நேரே பிடரிக்குப் போனது. அம்சவல்லி கரண்டிக் காம்பால் ஒன்று வைத்தாள்.

"எனக்கே இந்தச் சொறி சொறியிறியே, அந்தாளு எதிர்ல என்னா கதி ஆவ?"

அடுத்த நாளும் அதே கதை. பிடரியை விட்டால் காது, காதை விட்டால் முழங்கை. தொடைக்கு அடியில் கையை வைத்து நசுக்கிப் பார்த்தான். மரத்துப்போனதே தவிர அடங்கவில்லை. ஊரில் யாரும்தான் தன் பேச்சைக் கேட்பதில்லை என்றால், சொந்தக் கையுமா கேட்கக் கூடாது? அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

வெள்ளிக்கிழமை, கூட வேலை செய்யும் கொளஞ்சிநாதன்தான் முதலில் உள்ளே போனான். பெல்ட்டில் பாதி தெரியாதவன். கதவு சாத்துவதற்குள்ளேயே அவன் கை தலைக்குப் போய்விட்டது. இவன் காலி என்று குமரவேலுக்குத் தெம்பு வந்தது.

அடுத்து அவன் முறை. நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு கையும் மடியில். மேனேஜர் ஆனந்த்ராஜை நேராகப் பார்த்தான். பிடரி பற்றி எரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டான். கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாணென்று பதில். நடுவில் மேனேஜரே பேச்சை நிறுத்திவிட்டுக் காதோரம் சொறிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் குமரவேலுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வேலை கைக்கு வந்துவிட்டது போலவே வெளியே வந்தான்.

மத்தியானம் ஆபீஸ் கிளார்க் தைரியநாதன் வந்து பெயரைச் சொன்னார்.

கொளஞ்சிநாதன்.

"இது அநியாயம் சார்!" குமரவேல் கத்தினான். "ஒரு கேள்விக்காவது தப்பாச் சொல்லியிருப்பனா? அவனுக்கு என்னா சார் தெரியும்? ரெண்டு தடவை வுட்டீங்க, பொறுத்துகினேன். இந்தத் தடவையுமா?"

தைரியநாதன் அவன் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"கத்தாதப்பா. அந்த ரெண்டு தடவையும் மேனேஜரோட சொந்தக்காரங்களுக்குப் போச்சு. உம்மேல ஒரு குத்தமும் இல்ல. இந்தத் தடவை உனக்குத்தான்னு முடிவு பண்ணிட்டுத்தான் மனுஷன் கூப்பிட்டாரு. 'அடக்கமான பையன்யா, எனக்கு அவனத்தான் புடிச்சிருக்கு'ன்னு காலையில எங்கிட்டயே சொன்னாரு."

"அப்புறம் ஏன் சார்...?"

தைரியநாதன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எப்பவும்போல தலையச் சொறிஞ்சிகினு நின்னிருந்தா உனக்கு என்னாப்பா கொறஞ்சிருக்கும்?"