யார் வைத்த பெயர்?

"என் மகனுக்குப் பேரு மாத்த நீங்க யாருங்க மேடம்?"

மாலையில் மகனைக் கூட்டிப்போக வந்த நஞ்சுண்டன் வாசலில் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. மகன் நேற்று டேகேரிலிருந்து கொண்டுவந்த படத்தை ஜெயகுமாரியின் முகத்துக்கு நேரே ஆட்டினான். ஒரு முட்டைத் தலை, இரண்டு குச்சிக் கை, காதிலிருந்து வாய்வரை ஒரு கறுப்புக் கோடு. அடியில் இங்கிலீஷில், கொட்டை எழுத்தில், கெவின்.

காலையில் அது தன் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததிலிருந்தே பொருமிக்கொண்டிருந்தான். போட்ட சத்தத்தில் அவனுடைய நாலு வயது மகன் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

அமெரிக்காவில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் ஜெயகுமாரி தன் வீட்டிலேயே நடத்தும் டேகேர் அது. ஆறு பிள்ளைகள், ஆறும் தமிழ்ப் பிள்ளைகள். புருஷனுக்கு வேலை போனதிலிருந்து அந்த ஆறு பேரை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நேற்றுவரை நஞ்சுண்டனுக்கு அவள் அக்கா, இன்று மேடம்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா தம்பி. ஆனா நான் சொல்லுறதக் கொஞ்சம்..."

"போதும். ஒத்துக்கிட்டீங்கல்ல, அது போதும்!"

அமெரிக்கர்களுக்கு போனிலேயே கம்ப்யூட்டரைச் சரிபண்ணிக் கொடுக்கிற வேலை அவனுக்கு. யார் திட்டினாலும் 'சாரி சார்' என்று எட்டு மணி நேரம் அடக்கிவைத்த கோபத்தை ஒரு தமிழ்க்காரியிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவான்?

"நெடுஞ்செழியன்! பாண்டிய ராஜா பேருங்க. ரெண்டாயிரம் வருஷத்துப் பேரு. கூப்பிட வாய் வலிச்சா வலிக்கட்டும். அதைத் தூக்கிப் போட்டுட்டு கெவினாம் கெவின்! உங்க மூத்த பையன் பேருதானே அது?"

"எம் மவன் பேருதான். அதுக்கு என்ன கொறச்சல்?" ஜெயகுமாரிக்கும் சுர்ரென்று ஏறியது. "அதுவும் ஆயிரத்து நானூறு வருஷத்துப் பேருதான். அயர்லாந்துல ஒரு புனிதரு பேரு. அழகாப் பொறந்தவன்னு அர்த்தம். நாகர்கோவில்ல எங்க பள்ளிக்கூடத்து ஐரிஷ் சிஸ்டர் சொல்லி எங்க அப்பா வச்சாரு."

"அப்ப உங்க வீட்டோட வெச்சுக்கங்க! எங்க பையனுக்கு எதுக்கு ஞானஸ்நானம்?"

அந்தச் சொல் அவளைச் சுட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு முகம் துடைத்துவிடும்போது நெற்றித் திருநீறு அழியாமல் துடைக்கிறவள் அவள். பதில் சொல்ல வாயெடுத்தாள், அவன் விட்டால்தானே!

"இந்த ஊருல தடுக்கி விழுந்தா ஒரு கெவின். எங்க டீம்லயே மூணு பேரு. அவங்க பாட்டன் பேரு, அவங்க வெச்சுக்கறாங்க. எங்க வழக்கம் வேறங்க. மகன் பேருக்குப் பின்னால அப்பன் பேரு நிக்கோணும். பேரை வித்துப் பொழைக்கிற குடும்பம் இல்லீங்க எங்களுது!"

படத்தை மேஜைமேல் அறைந்தான்.

"நாளைலருந்து இவன் வரமாட்டான். மத்த அஞ்சு வீட்டுக்கும் இன்னிக்கே போன் போடறேன். லைசென்ஸ் குடுத்த ஆபீசுக்கும் கம்ப்ளெய்ன்ட் பண்றேன். அப்புறம் யாரு புள்ளைய அனுப்பறாங்கன்னு பாக்கலாம்."

ஜெயகுமாரியின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"வயித்துல அடிக்காதிய தம்பி. நான் யார் பேரையும் மாத்தல. அந்தக் காயிதத்தத் திருப்பிப் பாருங்க."

திருப்பினான். பின்பக்கம் அதே கையெழுத்து, ஆனால் தமிழில். ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல், நெடுஞ்செழியன் நஞ்சுண்டன் என்று இருந்தது.

"வரஞ்சவன் பேரு பின்னால இருக்கு," என்றாள் ஜெயகுமாரி. "முன்னால இருக்கது, படத்துல உள்ள ஆளு பேரு."

"எந்த ஆளு?"

"எல்லாப் பிள்ளைகளையும் அவங்கவங்க அப்பாவ வரையச் சொன்னேன். வரஞ்சு முடிச்சதும் அப்பா பேரு கேட்டு அடியில எழுதினேன். 'ஒங்க அப்பா பேரு நஞ்சுண்டன்லா மக்கா'ன்னு இவன்ட்ட ரெண்டு தடவ சொன்னேன். கேக்கவே இல்ல. நஞ்சுண்டன் தன்னோட பேராம். அப்பா பேரு வேறயாம்."

"என்ன உளர்றீங்க?" என்றான் நஞ்சுண்டன். ஆனால் குரல் இறங்கியிருந்தது. கண் அந்தக் கறுப்புக் கோட்டைவிட்டு நகரவில்லை.

சோபாவுக்குப் பின்னாலிருந்து நெடுஞ்செழியன் எட்டிப் பார்த்தான். பொய் சொன்னதாக ஆன்ட்டி திட்டு வாங்குவது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஹெட்செட் மாட்டியதுபோல ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் அப்பா வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது பேசுகிற அதே குழைந்த குரலில் சொன்னான்.

"ஹாய் சார், திஸ் இஸ் கெவின். ஹௌ மே ஐ ஹெல்ப் யூ?"