கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மிருகக்காட்சிசாலையில், கண்ணாடிக்கு அப்பால் கரடி வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கியது. குழாயிலிருந்து அதன் மேல் பூந்தூறலாய்த் தண்ணீர். கல்யாணமாகிப் பதினோரு வருடமும் பெண்டாட்டியோடு கல்குவாரியிலேயே கிடந்த சின்னப்பையன் அதை நாலு படம் எடுத்தான். அவளையும் அதுபோல நிம்மதியாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து அவனுக்கு ஆசை. மாதம்மாளோ, போனைத் தூக்கினாலே விறைத்து நின்றாள்.

“ரேசன் கார்டுக்கா புடிக்கிறேன்? சும்மா நில்லு புள்ள.”

“சும்மா எப்படி நிக்கிறது? நீ நின்னு காட்டு, பாப்போம்.”

நின்று பார்த்தான். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் சிரித்தாள். அவன் போனைத் தூக்குவதற்குள் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

கால் கடுக்கிறதென்று கண்ணாடியோரம் உட்கார்ந்தவள், அப்படியே தலை சாய்ந்து தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பின்னால் கரடி. சின்னப்பையன் மூச்சை அடக்கிக்கொண்டு போனை அழுத்தவும், காவலாளி விசில் ஊதவும் சரியாக இருந்தது.

“ஏம்மா, இங்கெல்லாம் தூங்கக் கூடாது!”

படத்தில் கரடி அசையாமல் தூங்குகிறது. மாதம்மாளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. கல்கூடைக்கு வைக்கும் சும்மாட்டைத் தேடி, கை மட்டும் உச்சந்தலைக்குப் போயிருக்கிறது.