பழசாக்கிய பனியன்கள்

பழந்துணியை அரைத்து நூற்ற நூலில்தான் குளிர்காலச் சட்டை தைத்துத் தருவதாகச் சென்னியப்பன் வெளிநாட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். திருப்பூரே அதில் இறங்கியதும் பழசின் விலை புதுசைத் தாண்டிவிட்டது. அதனால் புதுப் பனியன்களைக் கிழித்து, மண்ணில் புரட்டி, டீத்தண்ணீரில் முக்கிக் குவித்துவைத்தார். சோதிக்க வந்த அம்மாள் கையெழுத்திட்டால்தான் சரக்கு கப்பலேறும். அவள் ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.

"இத்தனை பேர் போட்டுக் கழிச்சதுல ஒருத்தருக்குக்கூட வேர்க்கலையா?"

"நல்லாத் தொவச்சதுங்க," என்றார் சென்னியப்பன்.

"அப்புறம் ஏன் மண்ணு?"

மேஸ்திரி ராக்கியண்ணன் முதலாளியின் காதில், "ஆளுக்கொரு நாள் போட்டுக்கலாம்னு அப்பவே சொன்னனுங்க," என்றான்.

அம்மாள் பேனாவை மூடினாள். "சரி, இதை அரைக்கிற மெஷினைக் காட்டுங்க."

இதுவரை வாங்கியே இராத மெஷினைக் காட்டச் சென்னியப்பன் முன்னே நடந்தார். ஷெட் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.