படிக்காம தொறங்க

“எவன்டா இதப் போட்டது? இப்பவே மூடணும்!”

தேவாலாவில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ரஞ்சனியின் மேசைமேல் போனை விட்டெறிந்தார் கான்ட்ராக்டர் மாரப்பன். எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பின்னால் அவர் கட்டிய தடுப்புச் சுவர் மழையில் சரிந்துவிட்டது. அந்தப் படங்கள் ஒரு வெப்சைட்டில் இருந்தன. கான்கிரீட்டுக்குள் கம்பிக்குப் பதில் மூங்கில். கீழே அவர் பெயர்.

ரஞ்சனி பார்த்தாள். “இலவச ஹோஸ்டிங்குங்க. காசு கட்டாம ஒரு கம்பெனி இடத்துல போட்டிருக்காங்க. கொஞ்சப் பேர் பாத்தாத் தாங்கும். கூட்டம் கூடினா கம்பெனிக்காரனே மூடிருவான்.”

“கூட்டந்தானே? எங்கிட்ட இல்லாத ஆளா!”

நின்ற இடத்திலேயே சொந்தக்காரர் குரூப், கட்சி குரூப், கட்டட வேலை குரூப் எல்லாவற்றிலும் லிங்க்கைப் போட்டார். ‘படிக்க வேண்டாம். சும்மா தொறந்து தொறந்து மூடுங்க. தெரிஞ்சவங்களுக்கும் அனுப்புங்க.’

மறுநாள் சாயங்காலம் வெப்சைட் மூடிக்கொண்டது. சிரித்துக்கொண்டே சென்டருக்கு வந்த மாரப்பனைப் பின்னாலேயே வந்த ஒரு கூட்டம் மடக்கியது. எல்லாரும் அவரை வைத்துச் சுவர் கட்டிக்கொண்டவர்கள். சிலர் கையில் கடப்பாரை. ஒருவர், தன் சுவரை உடைத்து எடுத்த மூங்கிலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மாரப்பன் ரஞ்சனியிடம் பாய்ந்தார். “அதான் மூடியாச்சே! இவங்களுக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?”

“நீங்கதானே அனுப்புனீங்க? நான் உங்களுக்கு அனுப்புற வரைக்கும் ஒருத்தர்கூடத் தொறந்து பாக்கலிங்க.”

“நீயா? உனக்கு என்னடி பண்ணுனேன் நானு?”

“அந்தச் சுவரு எங்கம்மா படுத்திருந்த ரூம் மேலதாங்க விழுந்துச்சு.”