தாளம் தவறிய நிருஷன்

சுன்னாகத்து இலவச ஜாஸ் கச்சேரியைப் பற்றிய விமர்சனம் திங்கட்கிழமைப் பேப்பரில் அரைப்பக்கம் வந்திருந்தது. குழுத் தலைவன் றயன் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான்.

“‘றயனின் சாக்சபோன் கேட்டோர் நெஞ்சை உருக்கியது.’ இதை எழுதின பஞ்சலிங்கம் மாஸ்டருக்கு ஜாசிலை நல்ல ஞானம்.”

“என்னைப் பற்றி ஒண்டும் இல்லையே?” என்றாள் பாடகி மிரியம்.

“இருக்கு. ‘மிரியத்தின் குரல் தேன்.’ பிறகு இதையும் கேள். ‘டிரம்ஸ் அடித்த நிருஷன் அடிக்கடி தாளம் தவறியதுதான் பெரிய குறை.’”

நிருஷனின் முகம் கறுத்துப்போனது.

“வீட்டிலை அடிச்சுப் பழகு எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்?” என்றான் றயன். “உன்னாலை எங்கள் எல்லாருக்கும் கெட்ட பேர். அடுத்த கச்சேரிக்கு மருதனார்மடத்திலை வேறை ஒராளைக் கேக்கப்போறன்.”

“குழு தொடங்கின நாளிலையிருந்து நான்தானே அண்ணை அடிக்கிறன்?”

“மாஸ்டர் சும்மா எழுதமாட்டார், நிருஷன்,” என்றாள் மிரியம்.

நிருஷனுக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணை, நேற்றுப் பெய்த மழையிலை நாங்கள் மேடையிலையே ஏறேல்லை. நடக்காத கச்சேரியிலை நான் எங்கை தாளம் தவறினனான்?”

றயன் பேப்பரைக் கசங்காமல் மடித்தான்.

“அது எங்களுக்குத் தெரியும். பேப்பர் வாசிச்ச சனத்துக்குத் தெரியாது,” என்றான். “நீ தாளம் தவறேல்லை எண்டு வெளியிலை சொன்னா, நான் நெஞ்சை உருக்கினதும் பொய்யாப் போயிடுமெல்லே.”