பயந்தவள்

"ஊசி குத்த மட்டும் பயமில்லையோ?" என்றாள் சந்திரவதனா, தம்பியின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டபடி.

சத்தியபாமா நிமிரவில்லை. கணவரின் முழங்கையருகே புடைத்திருந்த நரம்பை விரலால் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் தாதி மார்கரெட். இன்று கடைசிப் பரீட்சை. தடுமாறாமல் ஊசி ஏற்றி மெசினை ஓட்டிக் காட்டினால், இனிக் கதிர்காமநாதனுக்கு இந்த ஹோம்புஷ் வீட்டிலேயே டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குச் செலவு குறையும். இரவில் நீண்ட நேரம் ஓடவிட்டால் அவர் உடம்பும் தெளியும், பகலில் வேலைக்கும் போகலாம்.

"அக்கா, சும்மா இரன்," என்றார் அவர்.

"ஏன் சும்மா இருக்க? எனக்குச் சீனி வருத்தம் இல்லாட்டி நானே ஒரு கிட்னியைக் குடுத்திருப்பன். இவள் ஆஸ்பத்திரி வரைக்கும் போய் டெஸ்ட் எல்லாம் செய்துபோட்டு, பிறகு மாட்டனெண்டு திரும்பி வந்தவள். கட்டின பெண்சாதி!"

"பயமாக் கிடந்தது, மச்சாள்."

"ஓம், உனக்குப் பயம். அவனுக்குச் சாகும்வரைக்கும் மெசின்."

"கை ஆடக்கூடாது, ஆன்ட்டி," என்றாள் மார்கரெட், தன் மலேசியத் தமிழில். "மூச்சை விட்டுட்டுக் குத்துங்க."

குத்தினாள். குழாயில் சிவப்பு ஏறியது.

கதிர்காமநாதன் சிரித்தார். "பார்த்தியே, அக்கா? நேர்ஸ்மாரும் இப்பிடி நோகாமல் குத்தமாட்டினம். பாவம், அவளை விடு. பயந்த சுபாவம். நான் ஒருநாளும் அவளிட்டைக் கேக்கமாட்டன்."

மச்சாளின் பேச்சைத் தாங்கிவிடலாம். இந்த மன்னிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் ஒருமுறை ஏசியிருந்தால் கோபமாவது வந்திருக்கும். அந்தக் கோபத்துக்குள் கொஞ்சம் ஒதுங்கியிருப்பாள்.

"தேத்தண்ணி போடுறன்," என்று குசினிக்குள் போனாள். மார்கரெட் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"நீங்க பாஸ், ஆன்ட்டி. ஆனா ஏன் இப்படி ஏச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறீங்க? ஸ்கேன்ல என்ன வந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடலாமே?"

"சொன்னால், எப்பிடி எண்டு கேப்பார், பிள்ளை." கேத்தல் இரைந்தது. அவள் குரல் அந்த இரைச்சலுக்குள் தணிந்தது. "எண்பத்தாறில மெட்ராஸில அகதியா நிண்டனாங்கள். தன்னைப் பிளேன் ஏத்தினது என்ர தமையன் லண்டனில இருந்து அனுப்பின காசெண்டுதான் இண்டைக்கும் நினைச்சுக்கொண்டிருக்கிறார். எனக்கு அப்ப ஒப்பரேசன் செய்தது கல் எடுக்க எண்டும்."

மார்கரெட்டின் கை வாயருகே போனது.

"என்னட்டை இருக்கிறது ஒரு கிட்னிதான், பிள்ளை. மற்றதை அப்பவே வித்துத்தான் இவரை இஞ்ச அனுப்பினனான்."