வேகத்துக்கு ஒரு ரசீது

“எழுபத்தி நாலுய்யா!” என்று கூவினார் ஏட்டு பாண்டித்துரை.

உடுமலை ரோட்டில் வந்த பழைய மேட்டடார் வேனை நோக்கிக் கையை நீட்டினார் சப்-இன்ஸ்பெக்டர் ஞானசம்பந்தம். வேன் இடது பக்கம் ஒழுங்காக ஒதுங்கி நின்றது.

ஞானசம்பந்தம் பெருமூச்சு விட்டார். இனி சண்டை ஆரம்பமாகும். வேகத்தை அளக்கிற புது மிஷின் அவர் கைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அது காட்டிய எண்ணை இதுவரை ஒருத்தர்கூட ஒப்புக்கொண்டதில்லை.

காலையில் மாட்டிய கார்க்காரர், “அந்தக் காத்தாலை றெக்கை சுத்தற வேகத்தை உங்க மிஷின் காட்டுதுங்க” என்று அடித்துப் பேசினார். அடுத்தவர், கப்பலுக்குப் போக வேண்டிய பனியன் பெட்டிகளைக் காட்டிக் கண் கலங்கினார். மூன்றாமவர் செல்போனை மட்டும் நீட்டினார். அதில் வந்த குரலைக் கேட்டதும் ஞானசம்பந்தம் சல்யூட் அடிக்காத குறையாக வழிவிட்டார்.

இன்று சாயங்காலம் டி.எஸ்.பி. ஆபீசில் மிஷினோடு போய் நிற்க வேண்டும். ஒரு கேஸ்கூட இல்லை என்றால் மிஷின் போய்விடும். பத்துப் பேர் முன்னால் மானமும் போய்விடும். ரசீதுப் புத்தகத்தில் முதல் பக்கமே இன்னும் கிழிபடவில்லை.

வேனை ஓட்டி வந்தவர் சிரித்த முகத்தோடு இறங்கி வந்தார். கேட்பதற்கு முன்பே லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் நீட்டினார். பெயர் செந்தில்வேல், ஐம்பது வயதிருக்கும்.

“வணக்கம் சார். எத்தனைல வந்தனுங்க?”

“எழுபத்தி நாலு. இங்க அம்பதுதானுங்க.” சண்டைக்குத் தயாராகக் குரலை உயர்த்தினார் ஞானசம்பந்தம். “மிஷின் பொய் சொல்லாதுங்க!”

“அது ஏனுங்க பொய் சொல்லுது? எழுபத்தி நாலேதான். தப்பு என்ற மேலதானுங்க. ரசீது எழுதிருங்க.”

ஞானசம்பந்தத்துக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தது. பாண்டித்துரை வேனை மேலும் கீழும் பார்த்தார். பெயின்ட் உதிர்ந்து, பம்பர் நசுங்கி, பரிதாபமாக நின்றிருந்தது அது.

“ஐயா, இந்த வண்டியா எழுபத்தி நாலு போச்சு? மிஷின்லதான் ஏதும் கோளாறோ?”

செந்தில்வேலுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? உங்க மிஷினை நீங்களே நம்பலீன்னா எப்படிங்க?”

முன் சீட்டில் ஓர் அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தாள். ஞானசம்பந்தம் ஜன்னலருகே போனார்.

“ஏனுங்கம்மா, இத்தனை வேகமாப் போறாரே, கூட இருக்கற நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?”

“நாந்தாம்யா நல்லா மிதிங்கன்னேன்” என்றாள் அவள், முகத்தைக்கூடத் திருப்பாமல்.

இப்படி ஒரு சம்சாரம் வாய்த்துமா இந்த மனுஷன் சிரிக்கிறார் என்று ஞானசம்பந்தம் வியந்து போனார். பாண்டித்துரைக்கு மனசு இளகிவிட்டது. மெல்ல அவர் காதைக் கடித்தார்.

“தங்கமான மனுசரா இருக்காருய்யா. புத்தி சொல்லி விட்ருவோமா?”

செந்தில்வேல் பதறினார். “அய்யோ, விட்டுப்போடாதீங்க சார்! அபராதம் எவ்வளவுன்னாலும் கட்டறனுங்க. எனக்கு ரசீது வேணுமுங்க!”

ஞானசம்பந்தத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேனின் பானெட் மேலேயே புத்தகத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். செந்தில்வேல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“வண்டி நம்பர் தெளிவா இருக்கட்டுமுங்க. வேகத்தை எண்ணுல மட்டும் போடாம எழுத்துலயும் போட்டுருங்க. சீல் உண்டுங்களா?”

“அதில்லாமயா?” என்றார் ஞானசம்பந்தம். ஒரு வாரமாகத் தொடாத மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. பாண்டித்துரை தண்ணீர் பாட்டிலில் இருந்து நாலு சொட்டு விட்டுத் தேய்த்தார். சீல் பளிச்சென்று விழுந்தது.

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல உங்களாட்டம் ஒரு மனுஷரைப் பாத்ததில்லீங்க” என்று செந்தில்வேலின் கையைப் பிடித்துக் குலுக்கினார் ஞானசம்பந்தம். “போலீஸ் நிறுத்துனா எப்படி நடந்துக்கணும்னு எல்லாரும் உங்ககிட்டத்தான் கத்துக்கணுமுங்க. டி.எஸ்.பி. ஐயாகிட்டயே உங்க பேரைச் சொல்லப் போறேன்.”

“அதெல்லாம் எதுக்குங்க சார், இந்த ரசீதே போதுமுங்க.”

செந்தில்வேல் அபராதத்தைக் கட்டிவிட்டு, ரசீதை இரண்டு கையாலும் வாங்கினார். மை அழிந்துவிடாமல் ஊதிக்கொண்டே போய், ஜன்னல் வழியாக அந்த அம்மாளிடம் நீட்டினார்.

அவள் கைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். எண்ணைப் படித்தாள், எழுத்தைப் படித்தாள், சீலை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். அதன் பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

“அம்பதத் தாண்டாத வண்டின்னுல்லா நெனச்சேன்! சரி அண்ணாச்சி, இந்த வண்டிய நானே வாங்கிக்கிடுதேன்.”